கோமாளி மீன் குஞ்சின் முதல் இரை

கப்பி மீன் வளர்த்தவர்களுக்குத் தெரியும், அது தொட்டியில் குட்டி போடுவதற்கு நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் நீர்ச்செடிகளுக்கிடையே குட்டிகள் நீந்திக்கொண்டிருக்கும். கடல் மீன்களின் கதை வேறு. அவற்றைத் தொட்டியில் உயிரோடு வைத்திருப்பதே நெடுங்காலம் பெரிய வித்தையாக இருந்தது. அவை முட்டையிட்டாலும், பொரித்து வந்த குஞ்சுகள் சில நாட்களுக்குள் மடிந்து போயின. இத்தடையை முதலில் தாண்டிய கடல் அலங்கார மீன்களுள் ஒன்று கோமாளி மீன். இன்று ஓர் ஆர்வலர் தம் வீட்டிலேயே அதன் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்து வளர்க்க முடிகிறது. இவ்வெற்றிக்கு மீனைப் பற்றிய அறிவு மட்டும் போதவில்லை. விலாங்குக் குளத்தில் தொல்லை தந்த ஒரு நுண்ணிய விலங்கும், உப்பு ஏரியில் வாழும் ஒரு சிற்றுயிரும் துணைக்கு வர வேண்டியிருந்தது. அது எவ்வாறு என்று பார்ப்போம்.

சாமந்திக்குள் ஒரு குடும்பம்

கடற்சாமந்தி என்பது பூவைப் போல் தோன்றும் ஒரு விலங்கு. அதன் கொடுக்குகளில் நச்சுச் செல்கள் உண்டு. சிறு மீன்கள் அவற்றில் பட்டால் மயங்கி அதற்கே இரையாகிவிடும். ஆனால் கோமாளி மீன் அக்கொடுக்குகளின் நடுவிலேயே அச்சமின்றி வாழ்கிறது. பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் கத்பர்ட் காலிங்வுட் சீனக் கடற்பகுதியில் இந்த விந்தையைக் கண்டு 1868இல் எழுதினார். டச்சு ஆய்வாளர் வெர்வே, இன்றைய ஜகார்த்தாவாகிய படேவியாவின் விரிகுடாவில் இம்மீன்களின் வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்து 1930இல் வெளியிட்டார். 1951இல் மொனாக்கோவைச் சேர்ந்த கார்னோ, காட்சித் தொட்டியில் கோமாளி மீன்கள் முட்டையிட்டதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆகவே, தொட்டியில் இது முட்டையிடும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான்.

இணை சேர்ப்பதில் ஒரு புதிர் இருந்தது. ஆண் எது, பெண் எது என்று நிறத்தைக் கொண்டு சொல்ல முடியாது. இதற்கான விடை 1977இல் கிடைத்தது. ஒரு சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரிய மீன் பெண், அதற்கு அடுத்தது ஆண், மற்றவை முதிராதவை. பெண் இறந்தால் ஆண் மீனே பெண்ணாக மாறிவிடும். முதிராதவற்றுள் பெரியது ஆணாகும். இவ்வுண்மையை ஹன்ஸ் ஃப்ரிக்கே, சிமோன் ஃப்ரிக்கே என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மறு ஆண்டே ஜப்பானில் ஆறு இனங்களில் இது உறுதி செய்யப்பட்டது. இதனால் வீட்டில் வளர்ப்போருக்கு ஒரு பெரும் வசதி ஏற்பட்டது. ஒரே இனத்தில், அளவில் சற்று வேறுபட்ட இரண்டு இளம் மீன்களைச் சேர்த்து விட்டால் போதும். நாளடைவில் ஒன்று பெண்ணாகவும் மற்றது ஆணாகவும் அமையும். தொட்டியில் சாமந்தி இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பகைவர் இல்லாத இடத்தில் பாதுகாவலர் எதற்கு?

முட்டை முதல் பொரிப்பு வரை

பவளத்திட்டு மீன்களில் பல, மிகச் சிறிய முட்டைகளை நீரிலேயே மிதக்க விட்டுவிட்டுப் போய்விடும். கோமாளி மீனோ தட்டையான கல்லையோ ஓட்டையோ சுத்தம் செய்து, அதன் மேல் நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒட்டி வைக்கிறது. ஆண் மீன் துடுப்பால் விசிறி, முட்டைகளுக்குப் புதுநீர் கிடைக்கச் செய்கிறது. கெட்டுப்போன முட்டைகளை வாயால் நீக்குகிறது. புதிதாக இட்ட முட்டை ஆரஞ்சு நிறமாக இருக்கும். நாட்கள் செல்லச் செல்லக் கருவின் கண்கள் வெள்ளி போல் மின்னத் தொடங்கும். ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு வாரத்தை ஒட்டி, இருள் கவிந்த பின் முட்டைகள் பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். பல கடல் மீன்களின் குஞ்சுகளோடு ஒப்பிட்டால் இது பெரிய குஞ்சு. பொரித்தவுடன் நீந்தவும், விரைவிலேயே இரை பிடிக்கவும் வல்லது. கோமாளி மீன் மற்றவற்றை முந்திக்கொண்டதற்கு இதுவே காரணம்.

வாய்க்கு ஏற்ற இரை

இவ்வளவு இருந்தும் குஞ்சுகள் ஏன் மடிந்தன? பசியால்தான். கருவுணவு மிகக் கொஞ்சமே மீந்திருக்கும். அது தீர்வதற்குள் இரை கிடைத்தாக வேண்டும். அவ்விரை உயிரோடு அசைய வேண்டும். அந்தச் சின்னஞ்சிறு வாய்க்குள் நுழையவும் வேண்டும். பொடித்த தீனியைத் தூவினால் அது அடியில் படிந்து அழுகி நீரைக் கெடுக்குமே தவிர, குஞ்சு உண்ணாது.

உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் ஆர்ட்டீமியா என்ற சிற்றுயிரின் முட்டைகளை உலர்த்திப் பல ஆண்டுகள் சேமிக்கலாம். உப்புநீரில் இட்டால் ஓரிரு நாளில் பொரிக்கும். இக்குஞ்சுகள் மீன்களுக்கு ஏற்ற இரை என்பதை அமெரிக்காவில் ஆல்வின் சீல் 1933இலும், நார்வேயில் ரோலெஃப்சன் 1939இலும் எடுத்துக் காட்டினர். ஆனால் ஆர்ட்டீமியா குஞ்சே அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுடையது. அன்று பிறந்த கோமாளி மீன் குஞ்சுக்கு அது பெரிய கவளம். முதல் சில நாட்களுக்கு இன்னும் சிறிய இரை தேவைப்பட்டது.

அது ஜப்பானிய விலாங்குக் குளங்களிலிருந்து வந்தது. அங்கே ரோட்டிபர் என்ற நுண்ணிய விலங்கு திடீரெனப் பெருகி, நீரிலுள்ள பாசியை எல்லாம் தின்று தீர்த்துவிடும். நீரின் நிறம் மாறும். உயிர்வளி குறைந்து விலாங்குகள் துன்புறும். பண்ணையாளர்கள் அதை ஒழிக்க வழி தேடினார்கள். இத்தோ என்ற ஆய்வாளரோ அதை வேறு கண்ணோடு பார்த்தார். இவ்வளவு விரைவில் பெருகும் உயிரை மீன் குஞ்சுகளுக்கு ஏன் இரையாக்கக் கூடாது? அதைக் கடல்நீரில் வளர்க்கும் முறையை அவர் 1960இல் வெளியிட்டார். ரோட்டிபரின் அளவு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை. மெதுவாக நீந்துவதால் குஞ்சு எளிதில் பிடித்துவிடும். நல்ல சூழலில் ஓரிரு நாளில் அதன் எண்ணிக்கை இரட்டிக்கும். பண்ணையாளரின் பகையே மீன் குஞ்சுகளின் தாய்ப்பால் ஆயிற்று.

அதன் பின்னும் ஒரு சிக்கல் எழுந்தது. ரோட்டிபரை மலிவாக வளர்க்க ரொட்டி ஈஸ்ட்டைத் தீனியாகக் கொடுத்தபோது, ரோட்டிபர் பெருகிற்று. ஆனால் அதை உண்ட கடல் மீன் குஞ்சுகள் கூட்டமாக இறந்தன. ஒமேகா-3 வகையைச் சேர்ந்த சில கொழுப்பு அமிலங்கள் ஈஸ்ட்டில் இல்லாததே காரணம் என்று வத்தனபேயும் அவருடன் பணியாற்றிய ஜப்பானிய ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். எனவே ரோட்டிபருக்கு முதலில் கடல் நுண்பாசியை ஊட்டி, பிறகு அதைக் குஞ்சுக்கு ஊட்ட வேண்டும். குஞ்சின் வயிறு நிறைந்தால் போதாது. அது உண்ணும் இரையின் வயிறும் நிறைந்திருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்திலிருந்து வீட்டுக்கு

இந்த அறிவெல்லாம் சேர்ந்து பயன் தந்தது 1970களில். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கடல் உயிரியலாளர் மார்ட்டின் மோ கோமாளி மீன்களை வணிக அளவில் வளர்த்துக் காட்டினார். 1982இல் அவர் எழுதிய கடல்நீர்த் தொட்டிக் கையேடு, தொடக்க நிலையினரை மீன் பெருக்குவோராக உயர்த்துவதையே நோக்கமாகக் கொண்டது. 1996இல் ஃப்ராங்க் ஹாஃப், 1998இல் ஜாய்ஸ் வில்க்கர்சன் ஆகியோரின் நூல்கள் முறைகளை விளக்கமாகத் தந்தன. பண்ணையின் இரகசியம் பொது அறிவாயிற்று.

நீங்கள் முயல விரும்பினால் அதன் சாரம் இதுதான். பொரிக்கும் நாளன்று மாலையில் முட்டைகள் ஒட்டிய ஓட்டைத் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். அதே தொட்டியின் நீரையே அதிலும் நிரப்புங்கள். முட்டைகளின் மேல் மெல்லிய காற்றுக்குமிழிகள் படட்டும். ஆண் மீனின் விசிறலுக்கு அதுவே மாற்று. தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூடி, முழு இருளில் விடுங்கள். காலையில் மெல்லிய வெளிச்சம் தந்து, மில்லிலிட்டருக்குப் பத்து என்ற அளவை ஒட்டி ரோட்டிபர்களைச் சேருங்கள். நீர் இளம்பச்சையாகும் அளவுக்கு நுண்பாசியும் விடுங்கள். ஐந்தாறு நாட்கள் சென்றபின் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவைச் சிறிது சிறிதாகத் தரலாம். கழிவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்து, நாள்தோறும் கொஞ்சம் நீர் மாற்றுங்கள். வலையால் குஞ்சுகளை அள்ளாதீர்கள், அவை தாங்கா. 8 முதல் 12 நாட்களுக்குள் ஒளி ஊடுருவும் அவ்வுடல்களில் நிறம் ஏறும். தலைக்குப் பின்னே வெள்ளைப் பட்டை தோன்றும். அதுவரை வந்துவிட்டால் பெரும் ஆபத்து கடந்தது.

இதனால் யாருக்கு என்ன பயன்?

பிலிப்பைன்சில் 1960கள் முதல் அலங்கார மீன்களை மயக்கிப் பிடிக்கச் சயனைடு நஞ்சைப் பயன்படுத்தினார்கள். அது மீனை மட்டுமன்றிப் பவள உயிர்களையும் கொல்லும். தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு மீனும் கடலிலிருந்து பிடிக்க வேண்டிய ஒரு மீனைக் குறைக்கும் வாய்ப்பாகும். 2003இல் வெளிவந்த 'ஃபைண்டிங் நீமோ' திரைப்படம் கோமாளி மீனை உலகப் புகழ் பெறச் செய்தபோது, பண்ணையில் வளர்ந்த மீன்கள் ஏற்கெனவே விற்பனைக்கு இருந்தன. அதே படத்தில் வரும் நீல நிறத் தோழி மீனுக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. அதன் முட்டைகள் நீரில் மிதப்பவை; குஞ்சின் வாயோ மிகச் சிறியது. புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை வளர்ப்பதில் வெற்றி கண்டது 2016இல்தான். பவளத்திட்டு மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்தே பிடிக்கப்படுகின்றன.

நம் நாட்டிலும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞ்ஞம் மையங்களும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன் பொரிப்பு முறைகளை உருவாக்கியுள்ளன. எனவே கடையில் இம்மீனைக் காணும்போது, இது கடலில் பிடித்ததா, பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். பண்ணையில் பிறந்ததையே வாங்குங்கள்.

வளர்த்துப் பார்க்கும் ஆவல் உள்ள மாணவர்களுக்கு ஒரு சொல். மீனை வாங்குவதற்கு முன் ஒரு கண்ணாடிப் புட்டியில் நுண்பாசியையும், மற்றொன்றில் ரோட்டிபரையும் வளர்த்துப் பழகுங்கள். ஒரு மாதம் அவை கெடாமல் பெருகினால், குஞ்சுகளை ஏற்க உங்கள் வீடு ஆயத்தமாகிவிட்டது எனலாம்.