மூன்று ரூபாய் முன்பணம்

விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குப் போட்ட ரயில் பாதை பட்டு நெசவு ஊரான ஆரணிக்குள் நுழையவில்லை. ஊரின் பெயரைத் தாங்கிய ஆரணி ரோடு நிலையம் தள்ளிப்போய்க் களம்பூரில் அமைந்தது. சென்னையில் அச்சான ஒரு பத்திரிகை இப்படிப்பட்ட நெசவு ஊர்களுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் தபால்காரரை நம்ப வேண்டும். அதனால்தான் தமிழ்ப் பத்திரிகைகளின் வரலாற்றை ஆசிரியர்களின் வரலாறாக மட்டும் சொல்லிவிட்டால் பாதிக் கதை விடுபட்டுப் போகிறது என்று நினைக்கிறேன். இந்தியாவில், தபாலைக் கையில் வாங்கும்போது பணம் கட்டும் வி.பி.பி. முறை 1877இல் வந்தது, அஞ்சலட்டை 1879இல், மணியார்டர் 1880இல். இவை மூன்றும் அமைந்த பிறகே, முகம் தெரியாத ஒருவர் எங்கோ ஓர் ஊரிலிருந்து பணம் அனுப்பி, ஓராண்டுக்கு ஓர் இதழை வீட்டுக்கு வரவழைப்பது நடைமுறை ஆயிற்று. இலக்கியமோ கால்பந்தோ, ஒரே விஷயத்தைப் பற்றிக்கொண்டு நடக்கும் பத்திரிகைக்குத் தமிழில் உயிர் கொடுத்தது இந்தச் சந்தா வழக்கம்தான். ஆசிரியரை எவருக்கும் கட்டுப்படாதவராக வைத்திருந்ததும் அதுவே.

முன்பணம் ஆரணிக்குப் பழகிய விஷயம். பட்டு முதலாளி நூலும் ஜரிகையும் கொடுப்பார், கூடவே முன்பணமும் கொடுப்பார். அந்தக் கடன் தீரும்வரை நெசவாளர் இன்னொரு முதலாளியிடம் போக முடியாது. சந்தாவும் முன்பணம்தான், ஆனால் அது ஐந்நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்தது. ஒரு தலையங்கம் பிடிக்காமல் பத்துப் பேர் விலகினால் இதழ் மெலியுமே தவிர நிற்காது. பத்திரிகைக்கு முன்பே புத்தகத்துக்கு இந்த ஏற்பாடு இருந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். அச்சாகாத நூலுக்குக் கையெழுத்துப் போட்டவர், அந்த நூல் வர வேண்டும் என்பதில் தனக்கும் பொறுப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டவர்.

பாரதியின் ‘இந்தியா’ வார இதழ் 1906இல் தொடங்கியபோது விதித்த சந்தாவைப் பார்த்தால், இந்த வழக்கத்தை அவர்கள் எவ்வளவு ஆழமாக யோசித்திருந்தார்கள் என்பது விளங்கும். கவர்ன்மெண்டாருக்கு 50 ரூபாய். ஜமீன்தார்களுக்கும் ராஜாக்களுக்கும் 30. மாதம் 200 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 15. மற்ற எல்லாருக்கும் 3. இருப்பவனிடம் கூடுதலாக வாங்கி, இல்லாதவன் கைக்கு இதழ் எட்டும்படி செய்யும் கணக்கு இது. பத்திரிகைப் பொருளாதாரத்தில் இவ்வளவு நேர்மையான ஓர் ஏற்பாட்டைத் தமிழில் வேறெங்கும் நான் காணவில்லை. ஆனால் சந்தாவின் பலவீனமும் இதே இதழின் முடிவில்தான் தெரிந்தது. 1908இல், பாரதிக்குப் பதிலாக ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சிறைக்குப் போனார். இதழ் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு மாறியது. அச்சகத்தைத் தொட முடியாத ஆங்கிலேய அரசு தபாலைத் தொட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் வரத் தடை விழுந்தது. வாசகர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தார்கள். 1910இல் இதழ் நின்றது. படிக்க ஆளிருந்தும் பணமும் தாளும் போய்வரும் வழி அடைபட்டதால் நின்றது.

கால்பந்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு விளையாட்டைப் பற்றி மட்டும் எழுதும் தாள் எதை விற்கிறது என்று கேட்டால் தொடர்பு புலப்படும். 1911 ஜூலை 29இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பிடித்தது. மைதானத்துக்குள் இடம் கிடைக்காத கூட்டத்துக்குப் பட்டம் பறக்கவிட்டு கோல் கணக்கைத் தெரிவித்தார்கள். முடிவு அப்படித்தான் பரவும். அதற்கு யாரும் ஓராண்டுப் பணத்தை முன்னால் கட்ட மாட்டார்கள். பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய அணி பூட்ஸ் போட்ட அணியை எப்படி வென்றது, அந்த வெற்றி வங்கத்துக்கு என்னவாக இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒருவர் காத்திருந்து படிப்பார். ஜெர்மனியில் வால்டர் பென்சமான் 1920இல் ‘கிக்கர்’ இதழைத் தொடங்கியபோது இதைப் புரிந்துகொண்டிருந்தார். ஆட்ட விவரங்களோடு, கால்பந்து நாடுகளை நெருங்கச் செய்யும் என்ற தன் நம்பிக்கையையும் அதில் எழுதிவந்தார். 1933இல் நாஜிகள் வந்ததும் யூதரான அவர் வெளியேற நேர்ந்தது. மறு ஆண்டு சுவிட்சர்லாந்தில் இறந்தார். ‘கிக்கர்’ அவரில்லாமல் நடந்தது, அவர் நம்பியதற்கு எதிரான ஆட்சியின் கீழ்.

தமிழில் சந்தாவை அதன் எல்லைவரை கொண்டுபோனவர் சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இலக்கிய இதழைத் தொடங்கியபோது 2,000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை, கடையில் விற்பதில்லை, சந்தாதாரர்களுக்கு மட்டுமே என்று முடிவு செய்தார். வார இதழ்கள் பெருவாரியாக விற்ற காலத்தில் இது பிடிவாதமாகத் தெரிந்திருக்கும். எனக்கு இது தெளிவாகவே படுகிறது. கடையில் தொங்க வேண்டுமென்றால் அட்டை கவர்ச்சியாக இருக்க வேண்டும், ஏஜெண்டுக்குக் கமிஷன் தர வேண்டும், விற்காத பிரதிகளைத் திரும்ப வாங்க வேண்டும். இவற்றைச் சமாளிக்கத் தொடங்கியதுமே உள்ளடக்கமும் மாறத் தொடங்கும். செல்லப்பா அந்த வாசலையே திறக்கவில்லை. திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு எழுதினார், நாகர்கோவிலிலிருந்து சுந்தர ராமசாமி எழுதினார். இதழில் வளர்ந்த புதுக்கவிதை 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பாயிற்று. 1970இல் நிற்பதற்குள் 119 இதழ்கள் வந்துவிட்டன.

சந்தாவே போதும் என்ற இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. சந்தா இதழ் ஒரு சிறு குழுவின் சொத்தாகிவிடும், கடையில் எதேச்சையாகப் பார்த்து வாங்கும் புதிய வாசகரை இழந்துவிடும் என்பார்கள். உண்மைதான், ‘எழுத்து’ அந்த 2,000 வரம்பைக்கூட எட்டவில்லை. ஆனாலும் அந்தச் சிலர் படித்ததை, அடுத்த தலைமுறையின் கவிஞர்கள் பலரும் ஏதோ ஒரு வழியில் படித்தார்கள். இன்னொரு மறுப்பு கடுமையானது: சந்தாதாரர் பணம் அனுப்பவில்லை என்பதுதான் தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் நிரந்தரப் புலம்பல், பிறகு அந்த முன்பணத்தால் என்ன சுதந்திரம்? வி.பி.பி.யில் அனுப்பிய இதழ் திரும்பி வந்தால் தபால் செலவு ஆசிரியர் தலையில்தான். செல்லப்பாவே புத்தகப் பைகளைச் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் சந்தா பாக்கி நின்றதற்குக் காரணம், கொடுப்பதாகச் சொன்னவர்கள் அந்தப் பொறுப்பைக் கைவிட்டது. ஏற்பாட்டின் மேல் அந்தப் பழியைப் போடுவது சரியல்ல.

விளையாட்டுக்குத் தமிழில் இப்படித் தனியாக உழைத்தவர் எஸ். நவராஜ் செல்லையா. நூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டு நூல்களை எழுதியதோடு ‘விளையாட்டுக் களஞ்சியம்’ என்ற மாத இதழையும் நடத்தினார். கால்பந்துக்கு மட்டுமான ஒரு தாளுக்கு இன்று மணியார்டர் வேண்டாம், தபால் தடையும் இல்லை. கைபேசியிலேயே பணம் வந்துவிடும். எழுத விஷயமும் இருக்கிறது. தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் ஆடிய 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கை எட்டவே இல்லை. நாளிதழின் விளையாட்டுப் பக்கம் அதை ஆண்டுக்கொரு முறை ஒரு பத்தியில் நினைவுபடுத்திவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விடும். எந்தச் சங்கத்தின், எந்த ஊரின், எந்தப் பள்ளி மைதானத்தின் கதையில் ‘ஏன் எட்டவில்லை’ என்பதற்கான பதில் இருக்கிறது என்று மாதாமாதம் விடாமல் தேட, செல்லப்பா தனக்கு வைத்துக்கொண்ட வரம்பான 2,000 பேரின் சந்தா தாராளமாகப் போதும்.