துடைக்கும் இலை, தூசு தட்டும் இலை

பெங்களூரில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை அரிது. மெட்ரோ பணி, மேம்பாலப் பணி, பக்கத்து மனையில் எழும் கட்டடம் என எங்கோ கிளம்பும் தூசு, அடுக்ககத்து ஐந்தாம் மாடிச் செடியிலும் வந்து படிகிறது. வெளியே நிற்கும் செடியை அடுத்த மழை கழுவிவிடும். வீட்டுக்குள் இருப்பதை நாம்தான் சுத்தம் செய்ய வேண்டும். எப்படி என்பதை இலையின் தோல்தான் தீர்மானிக்கிறது. ரப்பர் செடியையும் ஆப்பிரிக்க வயலட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

ரப்பர் செடி நம் நாட்டு மரம். மேகாலயத்தின் உயிர்வேர்ப் பாலங்கள் இதன் வேர்களைப் பின்னி வளர்த்தவை. மழைக்காட்டுக்குப் பழகிய இலை தடித்தது, வழுவழுப்பானது. ஒரு கையால் இலையை அடியில் தாங்கி, ஈரத்துணியால் காம்பிலிருந்து நுனிவரை துடைத்தால் போதும். ஆப்பிரிக்க வயலட்டோ தான்சானியா, கென்யா மலைகளின் நிழற்பாறைகளில் வளர்வது. அதன் இலை முழுக்க மென்மயிர். ஈரத்துணி பட்டால் தூசு சேறாகி மயிருக்குள் அப்பிக்கொள்ளும். உலர்ந்த மென்தூரிகைதான் இதற்கு ஏற்றது.

தண்ணீர் விஷயத்திலும் இரண்டும் வேறு. இலையைவிட மிகக் குளிர்ந்த நீர் பட்டால் வயலட்டின் உள்திசு சிதைந்து வெளிறிய வளையங்கள் விழும். அவை பிறகு மறைவதில்லை. டிசம்பர் காலையில் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் நீரே இதைச் செய்துவிடும். கழுவியே ஆக வேண்டுமென்றால் வெதுவெதுப்பான நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ரப்பர் இலைக்கு உப்புதான் தொல்லை. போர்வெல் நீரின் கால்சியமும் மக்னீசியமும் உலர்ந்ததும் வெள்ளைத் திட்டுகளாகத் தங்கும். 2009-ல் வந்த சட்டத் திருத்தத்தால், பெங்களூரில் குறிப்பிட்ட பரப்புக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்த நீரில் ஒரு வாளி எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டு செடிகளுக்கும் நல்லது.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெயோ பாலோ பூசுவோர் உண்டு. ரப்பர் இலையின் துளைகள் அடிப்பக்கத்தில் இருப்பதால் மேலே பூசியது அவற்றை அடைக்காது. ஆனால் புதிய தூசியை இறுகப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தை மறைக்கும். அந்த அக்கறையை அடிப்பக்கத்தில் காட்டலாம். மாவுப்பூச்சியும் சிலந்திப்பேனும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கத்தரிப்பதிலும் இதே வேறுபாடு. ரப்பர் செடியின் நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் பக்கக் கிளைகள் வரும். வடியும் பால் தோலை அரிக்கலாம் என்பதால் கையுறை தேவை. வயலட்டுக்குக் கத்தரியே வேண்டாம். முதிர்ந்த அடியிலையைப் பக்கவாட்டில் வளைத்தால் காம்போடு கழன்றுவிடும். பாதிக் காம்பை விட்டால் அது அழுகி நடுத்தண்டுவரை போகும். வாடிய பூக்களையும் அவ்வப்போது கிள்ளிவிட வேண்டும்.

மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், பீஸ் லில்லி ஆகியவற்றை ரப்பர் செடிபோலத் துடைக்கலாம். மயிரடர்ந்த பிகோனியாக்களை வயலட்போல நடத்த வேண்டும். வெண்பொடி பூத்த எச்செவேரியா இரண்டிலும் சேராது. விரல்பட்டு அழிந்த மெழுகு அந்த இலையில் திரும்ப வராது என்பதால் தூசியை ஊதிவிடுவதோடு நிறுத்த வேண்டும். ஆகவே துணியை நனைக்கும் முன் இலையை உற்றுப் பாருங்கள். பளபளப்பு எல்லா இலைக்கும் ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல.