மதீனாவைக் காணாத பாட்டியார்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரித்து வாழ்ந்த நம் நன்னிமார், முந்தலிலிருந்து மலையேறிப் போடிமெட்டுக்கு அப்பாலும் சென்று வந்தவர்கள். 1928இல் இவ்வூருக்கு ரயில் வந்தபின் மதுரையும் அவர்களுக்கு அண்மையாயிற்று. எனினும் அப்பயணங்களைப் பற்றி நம் வீட்டில் ஒரு தாள்கூட இல்லை.

ஆதலால், எழுதிவைத்த ஒரு தாயாரை இங்கு நினைவுகூர்கிறோம். போபாலை ஆண்ட நவாப் சிக்கந்தர் பேகம், 1863ஆம் ஆண்டின் இறுதியில் தம் அன்னை குத்ஸியா பேகத்துடன் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பம்பாயிலிருந்து கப்பலில் ஜித்தா சேர்ந்தார். சுங்கத்தில் நேர்ந்த தொல்லை, நகரின் தூய்மையின்மை, மக்களின் நடைமுறை யாவற்றையும் ஒளிவின்றி உருதுவில் பதிந்தார். புனித மண் என்பதற்காகக் கண்டதை மறைக்கவில்லை. அத்துணிவை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

பாதையில் பாதுகாப்பில்லாமையால் அவர் மதீனா செல்லவில்லை. 1868இல் மறைந்தார். ஈராண்டுகள் கழித்து அவரது நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

அவருடைய மகள் ஷாஜஹான் பேகம். மகளின் மகள் சுல்தான் ஜஹான் பேகம், 1903இல் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். பாட்டியார் காணாத மதீனாவை இப்பேத்தி கண்டார். பயணத்தை நூலாகவும் எழுதினார். 1911இல் லண்டனும் சென்றார். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் இவரே.

எண்பதைக் கடந்த நம் நன்னி, மெட்டுச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் அவற்றுக்கு முந்திய நடைபாதையையும் இன்றும் வரிசையாகச் சொல்கிறார். இவ்வாரம் அவர் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியுள்ளோம். மூன்று பக்கங்கள் ஆகியுள்ளன. இன்னும் போடிமெட்டே வரவில்லை.