மகிழுந்துப் பொறியின் குளிர்விப்பு அமைப்பில் மிகையழுத்தம்

மகிழுந்துப் பொறியின் குளிர்விப்பு அமைப்பில் மிகையழுத்தம் என்பது, ரேடியேட்டரிலும் குழாய்களிலும் உள்ள நீர்மத்தின் அழுத்தம் வடிவமைக்கப்பட்ட அளவைத் தாண்டுதல் அல்லது பொறி சூடேறும் முன்பே உயர்தல் ஆகும். இது தனியொரு பழுதன்று. வேறொரு பழுதின் அறிகுறியாகும். அழுத்தம் எப்போது உயர்கிறது என்பதே காரணத்தை அறிய முதன்மையாக உதவுகிறது.

இயல்பான அழுத்தம்

கடல் மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் 1 பார் அழுத்தம் இருப்பின் ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கும். ஆகவே ஓரளவு அழுத்தம் தேவையானதே. அதனைக் கட்டுப்படுத்துவது ரேடியேட்டர் மூடியாகும். பல மகிழுந்துகளில் மூடியின் வால்வு 0.9 முதல் 1.4 பார் வரையிலான அழுத்தத்தில் திறக்கிறது. சென்னை பாடியில் தொழிற்சாலை கொண்ட சுந்தரம் ஃபாஸனர்ஸ் நிறுவனம், 1990களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்சுக்கு இத்தகைய மூடிகளை வழங்கியதன் மூலம் அறியப்பட்டது.

காரணங்கள்

* மூடியின் வால்வு துருவேறி இறுகுதல்.
* விசிறி, நீரேற்றி அல்லது தெர்மோஸ்டாட் பழுதடைந்து நீர்மம் கொதித்தல்.
* உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொடர்ந்து ஊற்றுவதால் ரேடியேட்டரில் காரை படிந்து அடைத்தல்.
* ஹெட் கேஸ்கெட் பழுதடைதல் அல்லது சிலிண்டர் ஹெட் விரிசலடைதல். இதனால் எரியறை வளிமம் நீர்மத்துள் புகுகிறது.

அறியும் முறை

1. இரவு முழுதும் ஆறிய பொறியில் நீர்ம மட்டத்தைச் சரிசெய்து, மூடியை இட்டு இயக்க வேண்டும். விசிறியில் கை படாதவாறு ரேடியேட்டரின் மேற்குழாயை அழுத்திப் பார்க்கலாம். ஓரிரு நிமிடங்களில், குழாய் சூடேறும் முன்பே இறுகிவிட்டால், எரியறை வளிமம் கசிவதாக ஐயுற வேண்டும்.
2. வேளச்சேரி - தாம்பரம் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் போன்ற நெரிசலான இடங்களில் மட்டும் சூடேறி, புறவழிச்சாலையில் தணிந்தால், விசிறியையும் அதன் மின்னிணைப்பையும் முதலில் ஆராய வேண்டும். விரைந்து செல்லும்போதும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, நீரேற்றி, தெர்மோஸ்டாட் ஆகியவற்றை ஆராய வேண்டும்.
3. மூடியைக் கைப்பம்புடன் கூடிய அழுத்தமானியில் பொருத்தி, குறிக்கப்பட்ட அளவில் வால்வு திறக்கிறதா எனச் சோதிக்கலாம்.
4. ரேடியேட்டர் வாயிலுள்ள காற்றை நீல நிறச் சோதனை நீர்மத்தின் வழியே உறிஞ்ச வேண்டும். கரியமில வாயு இருப்பின் அது பெட்ரோல் பொறியில் மஞ்சளாக மாறும்.
5. கசியும் சிலிண்டரைக் கண்டறிய, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தக் காற்றைச் செலுத்தி, ரேடியேட்டரில் குமிழ்கள் எழுகின்றனவா எனப் பார்க்கலாம்.

வெண்புகையோ, எஞ்சின் எண்ணெயில் பால் போன்ற கலப்போ இல்லாமையை மட்டும் கொண்டு கேஸ்கெட் நன்றாக உள்ளது என முடிவுசெய்ய இயலாது. எரியறையின் அழுத்தம் குளிர்விப்பு அமைப்பினதைவிடப் பன்மடங்கு மிகுதியாதலால், தொடக்க நிலையில் வளிமம் மட்டும் நீர்மத்துள் புகக்கூடும். இதனை உணராமல் மூடி, ரேடியேட்டர், நீரேற்றி என ஒவ்வொன்றாக மாற்றுவது வீண் செலவாகும். அதற்குள் சிலிண்டர் ஹெட் வளைந்து, செலவு மேலும் கூடலாம்.

எச்சரிக்கை

சூடான பொறியின் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் ஆகாது. அழுத்தம் திடீரெனக் குறைவதால் நீர்மம் நொடியில் ஆவியாகிப் பீறிட்டுக் கடும் தீப்புண்களை ஏற்படுத்தும். கூடுதல் அழுத்தத்தைத் தாங்கும் மூடியைப் பொருத்துவதும் தீர்வன்று. அது குழாய்களை வெடிக்கச் செய்யலாம்.