உச்ச எடைப்பிரிவில் இந்தியப் பெண்கள்: ஹமீதா பானு முதல் ரீத்திகா ஹூடா வரை

சங்கப் பாடல்களில் மற்போர்க் களத்தின் வெளியே நின்று காண்பவளாகவே பெண் காட்சியளிக்கிறாள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடினார் (புறம். 80-82). அவனை விரும்பிய நக்கண்ணையாரும் பாடினார் (புறம். 83-85). வென்றான் என ஒரு சாராரும் இல்லை என மறு சாராரும் முழங்க, பனையைச் சார்ந்து நின்று தாமே கண்டறிந்ததாக அவர் கூற்று அமைகிறது. பெண்ணே களத்தில் இறங்கிய வரலாறு இந்தியாவில் மிக அண்மையது. அதிலும் உச்ச எடைப்பிரிவின் வரலாறு தனித்து ஆராயப்படவில்லை என்றே கூறலாம்.

இவ்வரலாற்றில் முதலில் எண்ணத்தக்கவர் ஹமீதா பானு. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இவர் 1954ஆம் ஆண்டு, தம்மை வெல்லும் ஆடவரை மணப்பதாக அறைகூவல் விடுத்தார். அவ்வாண்டு மே மாதம் பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 நொடியில் வீழ்த்தினார். பெண்ணோடு பொருத மறுத்தோரும் இருந்தனர். புனேயில் எதிர்ப்பின் காரணமாக ஒரு போட்டி கைவிடப்பட்டது. அவர்தம் வெற்றிகளுள் சில முன்னரே திட்டமிடப்பட்டவை என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்தது. அவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் நாளிதழ்களின் வழியே கிடைப்பதாலும், அவை வியப்பூட்டும் நோக்கில் எழுதப்பட்டமையாலும், இவ்வையத்தை முற்றிலும் ஒதுக்கவோ முழுமையாக ஏற்கவோ இயலாது. எனினும் அவர் எடை 108 கிலோ என்று அவ்விதழ்கள் தரும் குறிப்பு இங்கு இன்றியமையாதது.

ஏனெனில், அவ்வெடையுடைய பெண்ணுக்கு இன்றைய பன்னாட்டுக் களத்தில் இடமே இல்லை. பெண்களுக்கான உலக வாகையர் போட்டி 1987இல் நார்வேயில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் 2004ஆம் ஆண்டு ஏதென்சில் நான்கு பிரிவுகளுடன் பெண்கள் மல்யுத்தம் சேர்க்கப்பட்டது. அப்போது உச்ச வரம்பு 72 கிலோ. ரியோவில் அது 75 ஆகவும், டோக்கியோவில் 76 ஆகவும் உயர்ந்தது. ஆடவர் ஃப்ரீஸ்டைல் பிரிவின் வரம்போ 125 கிலோ. இடைப்பட்ட 49 கிலோ உடலியல் தேவையால் மட்டும் எழுந்ததன்று; பெண்ணுடல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்னும் சமூக மதிப்பீட்டின் எச்சமும் அதில் உண்டு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 'உச்ச எடை' என்ற பெயரே பெண்களைப் பொறுத்தவரை ஒரு தடுப்புச்சுவர்.

அவ்வரம்புக்குள்ளும் இந்தியப் பெண்கள் தாமதமாகவே நுழைந்தனர். கீதா போகாட் (2012), சாக்ஷி மாலிக் (2016) முதலியோர் ஒலிம்பிக்கில் குறைந்த, இடைநிலை எடைகளிலேயே பொருதனர். 76 கிலோவில் கிரண் பிஷ்னோய் 2018 பொதுநலவாய விளையாட்டிலும் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் வெண்கலம் வென்றார். 2023இல் பிரியா மாலிக் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு அக்டோபரில் அல்பேனியத் தலைநகர் திரானாவில் நடந்த 23 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில், அரியானாவின் ரீத்திகா ஹூடா அமெரிக்காவின் கென்னடி பிளேட்சை 9-2 என வென்றார். அப்பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

2024 பாரிசில், உச்ச எடைப்பிரிவில் ஒலிம்பிக் களம் கண்ட முதல் இந்தியப் பெண்ணாகவும் அவர் ஆனார். முதற்சுற்றில் அங்கேரியின் பெர்னாடெட் நாஜை 12-2 என வீழ்த்தினார். காலிறுதியில் கிர்கிஸ்தானின் அயிபெரி மெதெத் கிசியுடன் ஆட்டம் 1-1 எனச் சமனானது. இரு புள்ளிகளுமே பிடியால் வந்தவையல்ல; எதிராளியின் செயலற்ற ஆட்டத்துக்காக நடுவர் அளித்தவை. சமநிலையில் கடைசிப் புள்ளியைப் பெற்றவரே வெற்றியாளர் என்னும் விதியால் ரீத்திகா வெளியேறினார். வென்றது யார் என்று அவையோர் இருபாற்பட்டு முழங்கிய பழங்காட்சி நினைவுக்கு வருகிறது.

மெதெத் கிசி இறுதிக்குச் சென்றிருப்பின் ரீத்திகாவுக்கு மறுவாய்ப்புச் சுற்றின் வழி வெண்கலப் போட்டி திறந்திருக்கும். அரையிறுதியில் அவரைத் தடுத்தவர், பத்து மாதங்களுக்கு முன் ரீத்திகாவிடம் தோற்ற கென்னடி பிளேட்ஸ். பிளேட்ஸ் இறுதியில் ஜப்பானின் யுகா ககாமியிடம் தோற்று வெள்ளி பெற்றார்.