சுதைச் சுவருக்கு பெயிண்ட் வேணுமா?

கடலூர் முதுநகரில் எங்க தாத்தா வீடு சுண்ணாம்புக் காரை பூசியது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்போம். அந்த வேலை மிச்சமாகட்டும்னு ஒருமுறை பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். இரண்டே மழைக்காலம், காரையோடு உரிந்து வந்துவிட்டது.

போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824-ல்தான். அதற்கு முன் ஆங்கிலேயர் 1690-ல் வாங்கிய தேவனாம்பட்டினம் கோட்டையானாலும் சரி, சிதம்பரம் கோபுரச் சுதை வேலையானாலும் சரி, பூச்சு என்றால் சுண்ணாம்புதான். அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துக் கல்லாக இறுகும். ஆனாலும் அதன் நுண்துளைகள் வழியே செங்கல்லின் ஈரம் வெளியேறும். பெயிண்ட் அந்த வழியை அடைக்கிறது; கடலோர உப்பு உள்ளேயே படிகமாகி காரையைப் பெயர்க்கிறது.

கோபுரச் சுதையையே குடமுழுக்குக்கு முன் பழுதுபார்க்கிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் அதே வேலைதான்: மயிரிழை விரிசலை மூடும், சுவரை மூச்சுவிட விடும். தாத்தா அழகுக்காக மட்டும் அடிக்கவில்லை. பெயிண்டைச் சுரண்டியாச்சு, இந்தப் பொங்கலுக்கு மறுபடி சுண்ணாம்பு.