மின்னலும் வீட்டு இணையக் கருவிகளும்

இடிமழையின்போது கம்பி வழியே வரும் மின்னெழுச்சியால் மோடம், ரௌட்டர், அடாப்டர் போன்றவை பழுதாவதுண்டு. அதற்கு வீட்டின் மீதே இடி விழ வேண்டியதில்லை. மின்னல் வீச்சில் ஏறத்தாழ 30,000 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வது வழக்கம். அது தெருக்கோடியில் இறங்கினாலும் அருகிலுள்ள நீண்ட கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும்.

இந்தச் சிக்கல் தந்தியோடு பிறந்தது. தொலைவில் வெட்டும் மின்னலும் தந்திக் கம்பியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி 1846இல் விளக்கினார். மறு ஆண்டே பிரான்சில் லூயி பிரெகே, நிலையத்துக்குள் நுழையும் கம்பியின் நடுவே மிக மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை வைக்கச் சொன்னார். மின்னல் வந்தால் துண்டு உருகி அறும், கருவி தப்பும். இன்றைய ஃபியூஸின் மூதாதை இதுவே. பின்னர் வந்த தடுப்பு இன்னும் அழகானது: நூலிடை விலகிய இரு தகடுகள், ஒன்று கம்பியோடும் மற்றது மண்ணோடும் இணைந்திருக்கும். தந்தியின் சிறு அழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டாது. மின்னலின் பேரழுத்தம் தாண்டிக் குதித்து மண்ணில் இறங்கிவிடும். தொலைபேசிக் காலத்தில் தகடுகளின் இடத்தைக் கரித்துண்டுகளும், அதன்பின் வாயு அடைத்த சிறு குழாய்களும் பிடித்தன. உத்தி மாறவில்லை.

மின்விசிறியும் விளக்கும் தப்பிவிட, மோடம் மட்டும் பலியாவதற்குக் காரணம் உண்டு. மோடத்துக்கு இரண்டு வாசல்கள்: ஒன்று மின்சாரம், மற்றொன்று தொலைபேசிக் கம்பி அல்லது கேபிள். இரண்டும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தால், இடி விழும் கணத்தில் அந்த இரு மண்களின் அழுத்த வேறுபாடு முழுவதும் மோடத்தின் மீதே விழும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி 1,500 வோல்ட் வரை தாங்கும்படி அமைந்தது. மின்னெழுச்சி அதை எளிதில் மீறும். விளக்கெல்லாம் எரிந்தும் நெட் வராத ரௌட்டர்களில் பெரும்பாலும் போர்ட்தான் செத்திருக்கும்.

மின்சாரப் பக்கம் மட்டும் சர்ஜ் புரொடெக்டர் போடுவது பாதிக் காவல்தான். மேகம் கருக்கும்போதே பிளக்கையும் லைன் கம்பியையும் சேர்த்துக் கழற்றுவதே உறுதியான வழி. இடி முழங்கத் தொடங்கிய பின் கம்பியைத் தொடக்கூடாது.

ஃபைபர் இணைப்பில் கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாததால் லைன் கம்பி வழி அடைபட்டுவிட்டது. அடாப்டர் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.